வீடு தாண்டிப் போன பலகை

ஜப்பானின் ஹமமட்சு நகரத்தில் அந்தத் தெருவுக்குக் குடிவந்த பன்னிரண்டு வருடத்தில், பிரேசில்காரி லூர்தெஸ் தெருவே கூடிச் சாக்கடை சுத்தம் செய்யும் ஞாயிறை ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. தாள்கள் செருகி வீடு வீடாகச் சுற்றிவரும் அறிவிப்புப் பலகை வந்தால், படித்து ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாகத் தன் பெயர்க் கட்டத்தில் முத்திரை குத்தி உடனே அடுத்த வீட்டில் கொடுத்துவிடுவாள். அந்த முத்திரையை அவள் பெயருக்குச் செய்துகொடுத்ததே பக்கத்துவீட்டு ஹோசாகா அக்காதான்.

இந்த முறை பலகை அவளிடம் வரவே இல்லை. எதிர்வீட்டு வாசலில் தொங்கியதை எடுத்துப் படித்தாள். தெருவே குப்பை போடும் கம்பிக் கூண்டை அவள் வாசலுக்கு மாற்றுகிறார்களாம். அவள் கட்டம் மட்டும் காலி. முதல் முத்திரை ஹோசாகாவுடையது.

பலகையோடு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றாள். "என்கிட்ட ஏன்க்கா காட்டல?"

ஹோசாகா குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். "உனக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான்மா. வேணாம்னு சொல்லவும் முடியாம தவிப்பியே. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, பாரு."

"எல்லாருமா? அப்ப நான் யாரு?"

பலகையை வீசப்போனபோது அடுத்த தாள் கண்ணில் பட்டது. கூண்டைக் கழுவும் முறைப்பட்டியல் அது. அதில் மட்டும் யாரும் அவளை மறக்கவில்லை. முதல் பெயரே லூர்தெஸ்.