வெள்ளைக்காரிக்குக் குரல் கொடுத்தவள்

கும்மிடிப்பூண்டிக்கு வெளியே இருந்த டூரிங் கொட்டகையில் இங்கிலீஷ் படம் போட்டால், திரைக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துத் தமிழில் கதை சொல்வது என் வேலை. பகலில் அரிசி ஆலையில் மூட்டை தைப்பேன். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. வாய் மட்டும் முழுசு.

அறுபதுகளின் கடைசியில் ஆட்டமும் பாட்டுமாக ஒரு பழைய அமெரிக்கப் படம் வந்தது. படம் முழுக்க வெள்ளைக்காரர்கள். நடுவில் ஒரே ஒரு காட்சியில், ஓட்டலில் தட்டு எடுக்கும் கறுப்புப் பெண் ஒருத்தி கதவில் சாய்ந்துகொண்டு பாடினாள். முறுக்கு கடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. பாடி முடித்தாள், தட்டோடு உள்ளே போனாள், அவ்வளவுதான். அப்புறம் அவள் வரவே இல்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பழவேற்காட்டு மீன் கொண்டுவந்து விற்கிற அக்கா. நல்ல கறுப்பு, நல்ல உயரம்.

"இன்னா நைனா, அந்தப் பொண்ணு எங்க?"

"உள்ள வேலையா கீறா, கா."

"இவ்ளோ நல்லா பாடறவள உள்ள குந்த வெச்சிகினு, இதுங்க இன்னாத்துக்கு குதிக்குதுங்க?"

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவன், "உனுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ ரோஷம்? உன் தங்கச்சியா அவ?" என்றான்.

"ஆமாண்டா, தங்கச்சிதான்! நெறத்த பாத்தா தெர்ல?"

பெண்கள் எல்லாம் கை தட்டினார்கள். அதற்குமேல் நான் சொன்ன கதை யார் காதிலும் ஏறவில்லை.

ஆட்டம் முடிந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "பேஜாரா கீதுபா. அந்தப் பாட்ட வெட்டிட சொல்றேன். கதைக்கு ஒண்ணும் கொறயாது."

எனக்குச் சுருக்கென்றது. "நாளிக்கு ஒரு ஆட்டம் உடுங்க, மொதலாளி. சனம் கலாட்டா பண்ணா வெட்டிடுங்க."

மறுநாள் அக்கா தன் குப்பத்துப் பெண்களையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள். முதலாளி வாசலில் நின்றார். பாட்டு வந்தது, போனது. அடுத்து வெள்ளைக்காரக் கதாநாயகி பாட வாயைத் திறந்தாள். நான் வாசலில் நின்ற முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன்.

அக்கா எழுந்தாள். "அடியே, கேளுங்கடி! இது அவ கொரலுடி. இவ சும்மா வாயசைக்கிறா!"

நம் படத்தில் நடிக்கிறவரா பாடுகிறார்? பின்னால் ஒருவர் பாடுவார், முன்னால் ஒருவர் வாயசைப்பார். அப்படிப் பழகிய சனத்துக்கு இதில் சந்தேகமே வரவில்லை. நானும் பிடித்துக்கொண்டேன். "ஆமா தாய்மாரே! உள்ள போனவதான் பாடறா, கேளுங்க!"

அப்புறம் கதாநாயகி வாயைத் திறக்கும்போதெல்லாம் விசில், "ஒன்ஸ்மோர்!" எல்லாம் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெண்ணுக்கு. முதலாளி சிரித்துக்கொண்டே டிக்கெட் ஜன்னலுக்குப் போய்விட்டார்.

வெளியே போகும்போது அக்கா கேட்டாள்: "நாளிக்கும் இந்தப் பாட்டு கீதா? எம்பொண்ண இட்டாரணும். அவளும் என் கலர்தான். சூப்பரா பாடுவா."

"கீது கா. இட்டா."

வெகுநாள் கழித்து, விஷயம் தெரிந்த ஒருவர் சொன்னார்: அந்தக் காலத்து அமெரிக்கப் படங்களில் கறுப்பர்களின் பாட்டைக் கதையோடு ஒட்டாமல் தனியாகவே வைப்பார்களாம். அவர்களைத் திரையில் பார்க்கப் பிடிக்காத ஊர்களில் கொட்டகைக்காரர்கள் சுலபமாக வெட்டிவிடலாம் அல்லவா?

எங்கள் ஊரில் வெட்டவில்லை. படம் மாறும்வரை அந்தப் பாட்டு முழுசாக ஓடியது. மீன்கார அக்காவின் மகள் முன்வரிசை மணலில் உட்கார்ந்து, வார்த்தை புரியாமலே கூடப் பாடினாள். நான் மைக்கை அவள் பக்கம் நீட்டினேன்.