மருதாணிக்கு அடியில்

எனக்கு ஒன்பது வயதானபோது பத்து நகங்களுக்கு என்னைக் காவல் போட்டார்கள். நகங்கள் என் சாச்சியுடையவை. சாச்சி உம்மாவின் தங்கை, இருபத்திரண்டு வயது. அவள் புருஷன், எங்கள் சாச்சா, சுமத்ராவில் மேடானில் துணி வியாபாரம் செய்துகொண்டு, நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை கப்பலேறிப் பினாங்குக்கு வருவார். அவர் இல்லாத நாட்களில் சாச்சி பினாங்கில் டத்தோ கிராமாட் பகுதியில் எங்கள் வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்பதைவிடச் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் சரி. பூனை தும்மினால்கூடச் சிரிப்பாள்.

அந்த வருடம் நோன்பு தொடங்கும் முன்பே அவளுக்கு மாலைதோறும் காய்ச்சல் வரத் தொடங்கியது. வேர்த்து வேர்த்துப் பாய் நனையும். வெள்ளைக்கார டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அதை எங்களுக்குத் தமிழில் சொன்னவர் மிஸ்ஸி. எங்கள் ஊரில் நர்சுகளுக்கு அதுதான் பெயர். இந்த மிஸ்ஸி தமிழ் வேதக்காரர், கிறிஸ்தவர். நாற்பது வயதிருக்கும். கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பும், அதில் ஊசியால் குத்திய கடிகாரமுமாக, வாப்பா ஏற்பாடு செய்தபடி காலையும் மாலையும் ரிக்‌ஷாவில் வந்து இறங்குவார்.

இருதயத்துக்குள் கதவுகள் உண்டு என்று மிஸ்ஸி சொன்னார். சிறுவயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் கண்டபோது சாச்சிக்கு ஒரு கதவு கெட்டுவிட்டதாம், சரியாகச் சாத்தாதாம். இப்போது அந்தக் கதவில் கிருமி ஒட்டிப் பாசி மாதிரி வளர்கிறதாம். பாசி பிய்ந்தால் ரத்தத்தோடு ஓடிப்போய் எங்கேயாவது அடைத்துக்கொள்ளும். அதனால் நோயாளி அசையக் கூடாது. எழுந்து நடக்கக் கூடாது, கையைத் தூக்கித் தலை வாரக் கூடாது, சோற்றைத் தானே பிசைந்து தின்னவும் கூடாது.

சிரிப்பைப் பற்றி மிஸ்ஸி ஒன்றும் சொல்லவில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். அவள் சிரித்துக் குலுங்கினால் பாசி பிய்ந்துவிடும் என்று எனக்கு உயிர் போகிற பயம். பூனையை முதல் நாளே விரட்டினேன். சாச்சி என்னைப் பார்த்தாலே சிரிப்பாள் என்பதால் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன். அதற்கும் சிரித்தாள்.

மிஸ்ஸியின் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்துச் சாய்த்துவைப்பார். படுக்கைப் புண் வராமலிருக்க முதுகில் ஸ்பிரிட் தடவிப் பவுடர் போடுவார். மூக்கு வைத்த கோப்பையில் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். பஞ்சால் பல்லையும் நாக்கையும் துடைப்பார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தபடி நாடி எண்ணுவார். அப்போது வீட்டில் யாரும் பேச மாட்டோம்.

ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டு நகங்களைக் காட்டினார். பிய்கிற துணுக்கு சின்னதாக இருந்தால் நகத்தடியில் வந்து நிற்கும், சிராய் ஏறியது போலச் சிவப்புக் கோடு தெரியும் என்றார். தினமும் மத்தியானம் நான் பத்து நகத்தையும் பார்த்து, புதுக்கோடு கண்டால் அவர் வந்ததும் சொல்ல வேண்டும். புதுக்கோடு வந்த அன்றே நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு.

சிராய் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. கட்டிலின் விளிம்பை விரலால் தடவித் தடவிப் பார்த்து, கரடுமுரடான இடத்திலெல்லாம் தேங்காயெண்ணெய் தேய்த்தேன். பிள்ளைக்கு என்ன சுத்தம் பார் என்று உம்மா மெச்சிக்கொண்டாள்.

உம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்ற சொல்லே ஆகாது. எங்கள் தெருவிலிருந்து அங்கே படுக்கப் போனவர்கள் யாரும் நடந்து திரும்பியதில்லை. மிஸ்ஸி புறப்படும்போதெல்லாம் வாசல்வரை கூடவே போய், புதிதாக ஏதும் உண்டா என்று கேட்பாள். பதில் வரும்வரை வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

பெருநாளுக்கு மூன்று நாள் இருந்தது. மறுநாள் கப்பலேறுவதாகச் சாச்சாவிடமிருந்து காகிதம் வந்திருந்தது. அன்று மத்தியானம் உம்மா நோன்புக் களைப்பில் உறங்கிவிட்டாள். நான் நகம் பார்த்தேன். இடது மோதிர விரலில் இரண்டு கோடு, வலது நடுவிரலில் மூன்று. நேற்று அவை இல்லை. நிமிர்ந்தால் சாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"புள்ள, மருதாணி பறிச்சிட்டு வா," என்றாள். "பெருநாளு வருதுல்ல."

மிஸ்ஸியிடம் சொல்ல வேண்டுமே என்று இழுத்தேன்.

"சாச்சா வந்து பெருநாளைக்கு என்னைய வீட்டுல பார்க்கட்டும். அப்புறம் எங்க தூக்கிட்டுப் போனாலும் போறேன்."

அப்போது அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயம் தந்தது.

பக்கத்துக் குடியிருப்பான கம்பத்து மலாய்க்காரம்மாவின் வேலியில் இலை பறித்தேன். யாருக்குக் கலியாணம் என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஓடிவந்தேன். களிப்பாக்குச் சேர்த்து அரைத்து, பத்து விரலுக்கும் தொப்பி வைத்தேன். விரல் ஒவ்வொன்றும் கொதித்தது. காய்ச்சல் கைக்கு மருதாணி சீக்கிரம் காய்ந்துவிடும். அது காயக் காய, உள்ளே கோடுகள் பெருகுவதாகவே எனக்குத் தோன்றியது. ஈரத்துணியால் துடைத்தெடுத்தபோது நகங்கள் அப்படிச் சிவந்திருந்தன. ஒரு கோடும் தெரியவில்லை.

மாலையில் மிஸ்ஸி வந்தார். நாடி பார்க்கக் கையை எடுத்தவர் அப்படியே நின்றார்.

"யார் வச்சது?"

சாச்சிதான் பேசினாள்.

"நான்தான் கேட்டேன் மிஸ்ஸி. மூணு நாளுதான்."

மிஸ்ஸி கையை மெதுவாகப் பாயில் வைத்தார். கட்டைவிரலால் சாச்சியின் கீழிமையை இழுத்து உள்ளே பார்த்தார். மறு கண்ணையும் பார்த்தார். பிறகு நாடி எண்ணினார், வழக்கத்தைவிட நெடுநேரம். வாசலில் உம்மா கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"புதுசா ஒண்ணும் இல்லைம்மா," என்றார் மிஸ்ஸி.

உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்று வாசற்காலை விட்டாள். கடிகாரம் குத்திய மிஸ்ஸியையே ஏமாற்றிவிட்டேன். இதற்கு என்ன தண்டனை என்று யாரிடம் கேட்பது? அந்த மூன்று நாளும் சோற்றைத் தொடவில்லை. பிள்ளை பசி பழகிவிட்டது, அடுத்த வருடம் முழு நோன்பும் பிடிக்கும் என்றார்கள்.

சாச்சா வந்தார். பெருநாளன்று சாச்சி அவர் கொண்டுவந்த பச்சைக் கைலியை உடுத்தித் தலையணையில் சாய்ந்திருந்தாள். கப்பலில் ஓர் ஆடு கப்பித்தானின் தொப்பியைத் தின்ற கதையைச் சாச்சா சொன்னார். சாச்சி வாய்விட்டுச் சிரித்தாள். நான் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினேன். எனக்குக் குறும்பு அதிகம் என்று எல்லாரும் இன்னும் சிரித்தார்கள்.

பெருநாளுக்கு மறுநாள் காலை மிஸ்ஸி பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது, பால் கடைவாயில் வழிந்தது. வலது கை பாயிலிருந்து நழுவித் தொங்கியது. அதன்பிறகு சாச்சி பேசவில்லை. மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் முன்பே முடிந்துவிட்டது.

நான் அழவில்லை. கொன்றவள் நான்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எப்போது பிடித்துக்கொண்டுபோவார்கள் என்று மட்டும் காத்திருந்தேன். மூன்றாம் நாள் துக்கம் கேட்க மிஸ்ஸி வந்தார். நான் அடுக்களையில் அரிசித் தவலைக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர் தேடிக்கொண்டு வந்து, வெள்ளை உடுப்போடு தரையில் உட்கார்ந்தார். உம்மா வருகிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, அன்னிக்கு நானும் பாத்தேன்லா."

அவ்வளவுதான். பார்த்துவிட்டார், உம்மாவிடம் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் நீட்டிய கையைத் தட்டிவிட்டுக் கொல்லைக் கதவு வழியாக ஓடினேன். ரிக்‌ஷா போகிறவரை மலாய்க்காரம்மாவின் வாழைகளுக்கு நடுவே குந்தியிருந்தேன். பிறகு எத்தனையோ வருடம், தெருவில் வெள்ளை உடுப்பைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

என் மகள் மிஸ்ஸி வேலைக்குப் படித்தபோதுதான் சொன்னாள். நகத்தில் வருவது இமைக்குள்ளும் சிவப்புப் புள்ளியாக வருமாம். அந்த நாளில் அந்த நோய்க்கு மருந்தே கிடையாதாம். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் சாச்சிக்கு வேறொரு கட்டில் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

அன்று இமைக்குள் அதைக் கண்டும், டாக்டரின் உத்தரவை மீறி மிஸ்ஸி ஒரு பொய் சொன்னார். உம்மாவிடம் அதைச் சொல்ல முடியாது, டாக்டரிடம் சொல்லவே முடியாது. சொல்லி ஆறுவதற்கு அவருக்கு இருந்தது ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றுதான். அதுவும் கையைத் தட்டிவிட்டு ஓடிவிட்டது.