களப்போரத்தில் கொன்றை பூத்திருந்தது

நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து முடிந்து சில நாட்களாகியும் நான் வாசலைத் தாண்டவில்லை. கணவர் மௌத்தாகி, அவரை அடக்கிய நாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே இருந்து பழகியிருந்தேன். இனி வெளியே போகலாம் என்று ஆனபோது, போவதற்கு ஓர் இடம் மனதில் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அஸர் தொழுத கையோடு தம்பி மதுரங்குளியிலிருந்து மனைவியையும் மகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

“ராத்தா, அபாயாவப் போட்டுட்டு வாங்க. பார்க்குக்குப் போவம்.”

“எனக்கு எதுக்குடா பார்க்?”

“புள்ள உங்களோடதான் போகணும்டு நிக்கிறா.”

பிள்ளை அப்படியெல்லாம் நிற்கவில்லை. பின் சீட்டில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். மறுத்துப் பேச அலுப்பாக இருந்ததால் போனேன்.

களப்போரத்துப் பூங்காவில், தண்ணீரை ஒட்டி, கொன்றை பூத்திருந்தது. இலை தெரியாமல் சரம் சரமாக மஞ்சள். வேலிப் பக்கம் முள்முருக்கு சிவந்து நின்றது. ஒரு குயில் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. சித்திரை நெருங்கிவிட்டது அப்போதுதான் உறைத்தது. அவரைக் கொண்டுபோன அன்று முற்றத்தில் மழைத் தண்ணீர் நின்றது.

“எவ்வளவு வடிவா பூத்திருக்கு பாருங்க ராத்தா,” என்றாள் தம்பி மனைவி.

“ஓம்,” என்றேன். வடிவு என்று தெரிந்தது. தெரிந்ததோடு சரி.

அவள் மரத்தடியில் பாயை விரித்து, பாணும் சீனிச்சம்பலும் எடுத்து வைத்தாள். அவளுடைய மகள் என் கையைப் பிடித்து ஊஞ்சலுக்கு இழுத்தாள். தள்ளினேன். “இன்னும் வேகமா, மாமி!” என்று கத்தினாள். வேகமாகத் தள்ளினேன். உதிர்ந்த பூக்கள் அவள் தலைமுடியில் ஒட்டியிருந்தன. அவள் சிரித்த சிரிப்பு எங்கோ பக்கத்து வீட்டு வானொலியில் கேட்பது போல இருந்தது.

அப்போதுதான் யாரோ சலாம் சொன்னார். திரும்பினேன். கற்பிட்டிக்காரர், என் கணவரோடு உப்பு லொறி ஓட்டிய கூட்டாளி. கட்டாருக்குப் போன பிறகு அவருடைய பேச்சு மூச்சே இல்லாமல் இருந்தது.

“மதினி! போன கிழமைதான் வந்த. போன் தொலஞ்சதுல எல்லார்ட நம்பரும் போயிட்டு.” முகமெல்லாம் சிரிப்பு. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “நானா எங்க? வாகனத்த நிப்பாட்டப் போயிட்டாரா?” என் கணவரை அவர் நானா என்றுதான் கூப்பிடுவார்.

ஊஞ்சலை நிறுத்தினேன்.

“அவர் மௌத்தாகிட்டார். நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே.”

கடையில் சீனி முடிந்துவிட்டது என்று சொல்லும் குரலில்தான் சொன்னேன். அவர் வாய்க்குள் “இன்னாலில்லாஹி” என்றார். பிறகு அப்படியே புல்லில் உட்கார்ந்து, முகத்தை இரு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். பெரிய உடம்பு, குலுங்கிக் குலுங்கி அழுதது. சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். தம்பி ஓடிவந்து அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டான்.

நான் பாயடிக்குப் போய் பிளாஸ்கைத் திறந்து ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தேன்.

“குடிங்க. சூடா இருக்கு.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கண் காய்ந்திருப்பதைப் பார்த்திருக்க வேண்டும். கோப்பையை வாங்கி இரு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. அன்று முழுக்க நான் உணர்ந்தது அது ஒன்றுதான்.

“மாமி, அவர் ஏன் அழுறாரு?” என்று மகள் ஊஞ்சலிலிருந்தே கேட்டாள்.

“அவர்ட கூட்டாளி மௌத்தாகிட்டார், மகள்.”

சூரியன் இறங்க, மஃரிபுக்கு முன் கிளம்பினோம்.

மறுநாள் தம்பி கோல் எடுத்தான். அந்த மனிதர் விடியவே மையவாடிக்குப் போய், என் கணவரை அடக்கிய கபுறடியில் நின்று துஆ கேட்டுவிட்டு வந்தாராம். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கியபடி கேட்டேன்.

“நல்லது,” என்றேன்.

“அடுத்த ஞாயிறும் பார்க்குக்குப் போவமா ராத்தா?”

“வா,” என்று சொல்லிவிட்டு, மீதி மீனையும் வெட்டி முடித்தேன்.