நீச்சல் குளத்தைக் காலி செய்யப் போனேன்

அஜ்மானில் கடலை ஒட்டிய ஒரு வில்லாவில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். குளிர் தொடங்கியதும், தோட்டத்து நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்து மூடிவிடச் சொல்லிவிட்டு, விசா தந்த முதலாளியான கஃபீல் குடும்பத்தோடு வெளிநாடு கிளம்பினார். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காது. ஊரில் மொட்டைமாடித் தொட்டியைக் கழுவுவதுபோல மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டுத் தேய்க்கலாம் என்று மோட்டாரைப் போட்டேன்.

பாதித் தண்ணீர் இறங்கியிருக்கும். பக்கத்தில் பேரீச்சங்கன்று வைக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்த டிரைவர் ஜெரால்டு ஓடிவந்து சுவிட்சை அணைத்தான். குளச்சல்காரன், என் வயதுதான்.

"லேய் மக்கா, குழியில முழங்கை ஆழத்துலயே தண்ணி ஊறுது. உள்ள கனம் இல்லேன்னா குளம் வள்ளம் மாதிரி மேல வந்துரும்."

"கான்கிரீட் மிதக்குமாடா? டிப்ளமோ படிச்சவன்கிட்ட சொல்ற கதையா இது?"

"கப்பல பஞ்சுலயா செய்யான்? படிச்சவன்தானே, போன் போட்டுக் கேளு."

குளம் கட்டிய கம்பெனி இன்ஜினீயரைக் கூப்பிட்டேன். கடலோர மண்ணில் காலிக் குளத்தை நிலத்தடி நீர் தூக்கிப் பிளந்துவிடும், உடனே நிரப்பு என்று அவர் கத்தினார். பிளந்திருந்தால் என் வேலையும் கலாஸ்.

மாலை வரை இருவரும் நிரப்பினோம். நீளக் கம்பு பிரஷ்ஷால் தண்ணீருக்குள்ளேயே தேய்த்து, குளோரின் போட்டு மூடினோம். நான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிய மிதப்பு விதியை ஒரு குழியில் கண்டுகொண்டானே, அந்தக் கண்ணை இன்னும் வியக்கிறேன்.

இப்போது மோட்டாரில் கைவைக்கும் முன் தோட்டத்தில் குழி வெட்டிப் பார்க்கிறேன். "கான்கிரீட் மிதக்குமாலே?" என்று ஜெரால்டு தினமும் கேட்கிறான்.

"மிதக்கும் மக்கா" என்கிறேன்.