ஏரிக்குப் பின்பக்கம் பாம்பு

என் மனைவிக்கு எதையும் தூக்கி எறிய மனசு வராது. பல்கலைக்கழக நூலகத்தில் கண்காட்சி வைப்பது அவள் வேலை. சேர்ந்த புதிதில் அவளும் எல்லாரையும் போலத் தெர்மகோலில்தான் செய்தாள். கண்காட்சி முடிந்ததும் அதையெல்லாம் நூலகத்துக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினார்கள். புகை வாசிப்பறைக்குள் வந்து, படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இருமிக்கொண்டே எழுந்து ஓடினார்கள். அன்றோடு சரி. புத்தகம் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பலகை செய்வாள், மைதா காய்ச்சிப் பசை எடுப்பாள், முடிந்துபோன கண்காட்சியின் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் அடுத்ததை எழுதுவாள். நூலகத்தில் இடம் போதாமல் மிச்ச அட்டையெல்லாம் எங்கள் கட்டிலடிக்கு வந்து சேரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கத்துவேன். "சரிங்க" என்பாள். மறுநாள் இன்னும் ரெண்டு பெட்டி வரும்.

புதிதாக வந்த தலைமை நூலகருக்கு இதெல்லாம் கஞ்சத்தனமாகத் தெரிந்தது. ஏரிகளைப் பற்றிய கண்காட்சியை மட்டும் அவள் செய்யட்டும், துணைவேந்தர் முன்னால் சொதப்பினால் இனி எல்லாம் வெளி ஆளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வேலை கைவிட்டுப் போனால் அவள் உடைந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

திறப்பு விழாவுக்கு நானும் போனேன். ஏசி போடவில்லை, ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தாள். அட்டைகள் மேலிருந்து வரிசையாகத் தொங்கின. அங்கேதான் மகராசி கோட்டை விட்டிருந்தாள். ஓர் அட்டைக்கு ரெண்டு கயிறு கட்ட வேண்டியதை, மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று நடுவில் ஒன்றே ஒன்று கட்டியிருந்தாள். துணைவேந்தர் உள்ளே வரவும் காற்று அடிக்கவும் சரியாக இருந்தது. பாதி அட்டைகள் திரும்பிக்கொண்டன. பின்பக்கம் போன வருஷத்துப் பாம்புக் கண்காட்சி.

"நம் ஊர் ஏரிகள்" என்று துணைவேந்தர் வாய்விட்டுப் படித்தார். அடுத்த அட்டையையும் படித்தார்: "இவற்றுள் நஞ்சுள்ளவை மிகச் சில."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைமை நூலகர் முகம் கறுத்துவிட்டது. ஜன்னலை மூடு, ஏசியைப் போடு என்று உதவியாளரை விரட்டினார்.

"ஏசி வேண்டாம் சார்," என்றாள் என் மனைவி. குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. "தப்பு என்னோடதுதான், ஒத்தைக் கயிறு கட்டிட்டேன். ஆனா ஒண்ணு பாருங்க சார். போன வருஷம் வச்ச கண்காட்சி இன்னும் குப்பைக்குப் போகல. இங்கதான் தொங்குது."

தலைமை நூலகர் ஓர் அட்டையைப் பிடித்து நிறுத்தினார். ஏரியைப் பார்த்தார், திருப்பிப் பாம்பைப் பார்த்தார்.

"அடுத்த தடவை ரெண்டு கயிறா கட்டிடுங்கம்மா," என்றார்.

எல்லாரும் அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்கள். அவள் மட்டும் நகரவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த தடவைன்னு சொன்னாருங்க. கேட்டீங்களா?"

கேட்டது. தலையை ஆட்டினேன்.