கதை முடியட்டும், போறேன்

கல்யாணமாகி முதல் ஆடிக்கு என் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். சென்னையில் தனிக்குடித்தனம், வேலைக்குப் போகிற பெண். ஆடிக்குப் புதுப்பெண்ணைப் பிரித்துத் தாய்வீட்டில் வைப்பதெல்லாம் அவளுக்கு ஒரு வேடிக்கை. வந்த அன்று பையைத் திறந்தால் துணிகளுக்கு மேலே கட்டாக நாவல்கள். "ஒரு மாசமும் படிப்புதாம்மா" என்று சிரித்தாள். அன்றிலிருந்து, அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் கணவர் பார்த்துவிட்டார். "பிள்ளை கதைப் புத்தகம் படிக்கதுக்கு எந்தத் தாயாவது பயப்படுவாளா?" என்றார்.

நான் பயப்படுவேன். ஓர் ஆடி மாதம் முழுக்கக் கதை படித்த ஒருத்தியை எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவிலில் நாங்கள் கீழ ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தோம். அப்பாவுக்குப் பருத்தி கமிஷன் கடையில் வேலை. நான் நாலாம் வகுப்பு. அக்கா என்னைவிட ரொம்ப மூத்தவள். வைகாசியில் அவளை மேலநீலிதநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய சம்சாரி வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தோட்டம், கிணறு, பம்பு செட்டு என்று அப்பா பார்ப்பவரிடமெல்லாம் அந்த வீட்டின் சொத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தார். ஆடி பிறந்ததும் அவரே போய் அக்காவைப் பஸ்ஸில் அழைத்து வந்தார்.

வந்தவள் யாரிடமும் அதிகம் பேசவில்லை. மறுநாளே என்னைக் கூப்பிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த வாடகைப் புத்தகக் கடைக்கு அனுப்பினாள். "என்ன புத்தகம்க்கா?" என்றேன். "பொம்பளையப் பத்தி எழுதுனது எதுன்னாலும் வாங்கிட்டு வா" என்றாள்.

புத்தகம் கைக்கு வந்ததும் அக்கா ஒரு வேலை செய்வாள். முதல் பக்கத்தைப் பார்க்கமாட்டாள். ஜன்னலோரம் போய் நின்று கடைசிப் பக்கத்தைப் படிப்பாள். ஆடிக்காற்று தாள்களைப் பிய்த்துவிடுவது போல அடிக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு படிப்பாள். சில புத்தகங்களை அதோடு மூடி என் கையில் கொடுத்துவிடுவாள். "இவளும் கெணத்துல விழுந்துட்டா. கொண்டு போய்க் குடு." இன்னொன்றில், "இவ மன்னிப்புக் கேட்டுட்டா. இதும் வேண்டாம்." சில புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் ஒன்றும் பிடிபடாது. அவற்றை மட்டும் முதலிலிருந்து படிப்பாள். சாப்பாடு ஆறிக் கிடக்கும்.

கடைக்காரர் என்னைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவார். "ஏட்டி, காலைல கொண்டு போன பொஸ்தகம் மத்தியானம் வந்து நிக்கே. உங்க அக்கா படிக்காளா, மோந்து பாக்காளா?"

"கடைசிப் பக்கம் நல்லா இல்லையாம் அண்ணாச்சி."

"அது சரி. சாம்பாரை விட்டுட்டு நேரா மோருக்கு வாராளாக்கும்!"

அதை வீட்டில் வந்து சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவின் படிப்பு எங்கள் சந்துக்கே பேச்சாகிவிட்டது. பக்கத்து வீட்டு மதினி, "மாமியா வீட்டுல வேலையே கிடையாது போல. கொடுத்து வச்ச மகராசி" என்றாள். அம்மாவுக்கு அதைக் கேட்கப் பூரிப்பு. வருகிறவர்களிடமெல்லாம், "அங்கன பண்ணையாளு உண்டும்லா. இவ படிச்சுக்கிட்டே இருக்கலாம்" என்று அவளே சொல்லத் தொடங்கினாள். மகள் சுகமாக இருக்கிறாள் என்பதற்கு அந்தப் புத்தகங்களே எங்கள் வீட்டில் சாட்சி ஆயின.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். அம்மா அக்காவின் தலையில் எண்ணெயைப் பரத்திக்கொண்டிருந்தாள். நான் சீயக்காய் கரைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கை நின்றது. உச்சிக்குப் பின்னால் ஓரிடத்தில் முடியே இல்லை. தோல் கன்றிப் போயிருந்தது.

"இது எப்பிடிட்டி?"

"நிலையில முட்டிக்கிட்டேன்."

அம்மா அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் வைத்து மெதுவாகத் தேய்த்தாள். "போன வீட்டுல நிலை தாழ இருந்தா நாமதான் குனிஞ்சு போகணும்மா" என்றாள்.

நிலையில் முட்டினால் முடி போகுமா என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. கரைத்த சீயக்காயை நீட்டினேன்.

அந்தச் சமயம் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை ஒன்று வந்துகொண்டிருந்தது. புருஷன் வீட்டை விட்டு வெளியேறிய ஒருத்தி டவுனில் அறை எடுத்து, டைப் அடித்துப் பிழைக்கிற கதை. பத்திரிகை வருகிற நாளில் அக்கா வாசலிலேயே நிற்பாள். வாங்கியதும் அந்தப் பக்கங்களைக் கிழித்து ஊசி நூலால் தைத்து வைத்துக்கொள்வாள். அதற்கு மட்டும் கடைசிப் பக்கம் கிடையாது. ஒவ்வொரு வாரமும் 'தொடரும்' என்றே முடிந்தது.

ஊரில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியது. எங்கள் ஊர்ப் பெண்கள் வேண்டுதல் வைத்து, இத்தனை சுற்று என்று நாள் கணக்காகக் கோவிலைச் சுற்றி வருவதற்கு ஆடிச்சுற்று என்று பெயர். ஒற்றைக்காலில் தவம் நின்று, நினைத்ததை அடைந்த அம்மன். அவளைச் சுற்றினால் நமக்கும் நினைத்தது நடக்கும். அம்மா அக்காவைச் சுற்றச் சொன்னாள். "ஒரு பிள்ளையக் குடுன்னு கேட்டுச் சுத்து. எல்லாம் சரியாயிரும்." அக்கா தலையாட்டினாள், போகவில்லை. அம்மா தனக்குத் துணையாக என்னைக் கூட்டிப் போய்ச் சுற்றவிட்டாள்.

ஆடி முடியப் போகிறது என்றதும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆட்கள் வந்து நாள் சொல்லிப் போனார்கள். அன்று இரவுச் சாப்பாட்டில் அக்கா, தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அந்தத் தொடர்கதை முடியட்டும்ப்பா, போறேன்."

அப்பா முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு அவருக்குப் புரையேறும்வரை சிரிப்பு வந்தது. "ஏளா, கேட்டியா? ஒன் மக பத்திரிகைக்காரனுக்கு வாக்கப்பட்டிருக்கா!"

"அங்கன பஸ்ஸு போகலியா, பத்திரிகை வராதா? மாப்பிள்ளைகிட்டச் சொன்னா வாங்கிட்டு வந்து போடுதாரு" என்றாள் அம்மா. அவள் சிரிக்கவில்லை.

"அங்கன படிக்க முடியாதும்மா. கொஞ்ச நாள்தான். கதை முடியட்டும்."

"நாலு பேரு என்னட்டி கேப்பாங்க? ஆடிக்கு வந்தவ ஆவணிலயும் இருந்தா?"

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மறுநாள் கோவிலைச் சுற்றும்போது நான் ஒரு வேண்டுதல் வைத்தேன். அந்தத் தொடர்கதை ஆடிக்குள் முடிந்துவிட வேண்டும். அக்கா முடிவைப் படித்துவிட்டு, சந்தோஷமாக ஊருக்குப் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்து அவளிடம் பெருமையாகச் சொன்னேன். கையிலிருந்த புத்தகத்தை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அப்பிடி வேண்டாதட்டி. கதை எப்ப முடிஞ்சாலும் முடியட்டும். அவ மட்டும் திரும்பிப் போயிரக் கூடாதுன்னு வேண்டு."

பாதிச் சுற்றில் வேண்டுதலை மாற்றலாமா, அம்மனுக்குக் கோபம் வருமா என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் கேட்டதையே கேட்டுச் சுற்றி முடித்தேன்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் அத்தான் வந்தார். எனக்குக்கூட ஒரு பொட்டலம் மிட்டாய் வாங்கி வந்திருந்தார். அப்பா அவருக்கு வேட்டி சட்டை வைத்துக் கொடுத்தார். பஸ் ஏறும்போது அக்கா, தைத்த பக்கங்களை என்னிடம் கொடுத்து, "வாராவாரம் சேத்து வை. தீவாளிக்கு வந்து படிக்கேன்" என்றாள்.

தலை தீபாவளிக்கு அம்மா முன்னதாகவே பட்டு எடுத்து வைத்திருந்தாள். அந்தப் பட்டைத்தான் அக்காமேல் போர்த்தினார்கள். தோட்டத்து அரளி விதையை அரைத்துக் குடித்துவிட்டாள் என்று ஐப்பசி பிறக்கும் முன்பே ஆள் வந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவர்கூட அந்த வீட்டைப் பற்றிப் பேசவில்லை. மகராசி என்று சொன்ன அதே மதினி, "எப்பப் பாத்தாலும் கதைப் பொஸ்தகம். கண்டதையும் படிச்சா புத்தி பேதலிக்காம என்ன செய்யும்?" என்றாள். அத்தானும் அதையே சொன்னார். அப்பாவும் கொஞ்ச நாளில் அதையே சொல்லத் தொடங்கினார். அது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. நான் சேர்த்து வைத்திருந்த பக்கங்களை அம்மா வெந்நீர் அடுப்பில் போட்டாள். எரியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் இனி ஒரு பத்திரிகையும் வரக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஆனால் அக்கா சேர்த்து வைக்கச் சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாடகைக் கடையில் நின்று வாராவாரம் படித்தேன். அண்ணாச்சி அதன்பிறகு கேலி பேசுவதில்லை. பத்திரிகை வந்ததும் எடுத்து நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

மார்கழியில் கதை முடிந்தது. டைப் அடித்துப் பிழைத்தவள் தன் தவற்றை உணர்ந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். மாமியார் ஆரத்தி எடுத்தாள். அரைப் பக்கத்துக்குப் படம் போட்டிருந்தார்கள், அதில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அந்தக் கடையிலேயே நின்று அழுதேன். அண்ணாச்சி பதறிப்போய், "என்னட்டி, என்ன போட்டிருக்கான்?" என்றார்.

"கதை நல்லபடியா முடிஞ்சிட்டு அண்ணாச்சி" என்றேன். இவ்வளவு நல்ல முடிவைப் படிக்காமல் அக்கா போய்விட்டாளே என்றுதான் அன்றைக்கு எனக்கு அழுகை.