கில்ட் கட்டிக்கொண்டு கணவாய் ஏறியவர்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், லாக்லன் பீட்டனின் மோட்டார் சைக்கிள் சத்தம் தெரியாத வீடு அந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. மரம் வெட்டுவது அவர் தொழில். மூன்று வருடங்களுக்கு முன் சரிந்து விழுந்த மரமொன்று அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. செயற்கைக் காலோடு நடக்கப் பழகினார், வேலி கட்டப் பழகினார். வண்டி மட்டும் கொட்டகையிலேயே நின்றது. கியர் மாற்றுவது இடது காலாயிற்றே.

போன வாரம் துணிந்து எடுத்தார். கணவாயில் பாதி ஏறுவதற்குள் செயற்கைக் கால் நழுவித் திரும்பிக்கொண்டது. தோல் கால்சட்டையைக் கழற்றாமல் அதைச் சரிசெய்ய வழியில்லை. மழையில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தார். இஷ்பெல் வேனில் வந்து ஏற்றிப்போனாள்.

மறுநாள் அவரிடம் சொன்னாள்.

"வண்டியக் கேட்டு இன்வர்னஸ்லேருந்து ஒருத்தர் சனிக்கிழமை வர்றார். அதுக்குள்ள தனியா கணவாயத் தாண்டிப் போயிட்டு வா. வண்டி நம்மகிட்டயே இருக்கட்டும். வழியிலேருந்து கூப்பிட்டு எனக்குப் போன் வந்துச்சுன்னா, வித்துடலாம்."

வெள்ளிக்கிழமை காலை லாக்லன் கல்யாணங்களுக்குக் கட்டும் கில்ட்டை, அந்த ஊர் ஆண்களின் முழங்காலளவுக் கம்பளிப் பாவாடையை, எடுத்துக் கட்டினார். வண்டியில் ஏறி, பின்மடிப்புகளை விரித்து அவற்றின் மேலேயே உட்கார்ந்தார். முன்பக்கத்தைத் தொடைக்கு அடியில் செருகி, இடுப்பில் தொங்கும் தோல் பையை அதன்மேல் பாரமாக இழுத்துவிட்டார்.

பெட்ரோல் போட்ட ஃபெர்கஸ் மேலும் கீழும் பார்த்தான்.

"யாருக்குக் கல்யாணம்?"

"எனக்கும் வண்டிக்கும்."

"மேல காத்து பேய் மாதிரி அடிக்குது. ஊரே பாக்கப் போகுதுப்பா."

"நீ வேணா டிக்கெட் போட்டு வசூல் பண்ணிக்க."

"பாத்துட்டுப் பணத்தத் திருப்பிக் கேப்பாங்களே."

கணவாயில், போன தடவை நின்றுபோன அதே திருப்பத்தில் கால் மறுபடியும் நழுவியது. எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு பாறையில் உட்கார்ந்தார். கில்ட்டின் ஓரத்தைச் சற்றே ஒதுக்கினார். காலைக் கழற்றினார், ஈரத்தைத் துடைத்தார், எஞ்சிய காலில் மாட்டியிருந்த உறையை இழுத்துவிட்டார்.

சுற்றுலாக் கார் ஒன்று நின்றது. கண்ணாடியை இறக்கிய பெண்ணுக்குப் பேச்சு தடுமாறியது.

"ஏதாவது... உதவி வேணுமா?"

"வேணாம்மா," என்றார் காலைத் தலைகீழாகப் பிடித்தபடி. "ஷூவுக்குள்ள கல்லு மாட்டிக்கிச்சு."

அவள் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் காலை மாட்டி எழுந்து அழுத்தினார். 'க்ளிக்' என்று பூட்டிக்கொண்டது. அடுத்த கியர் சுலபமாக விழுந்தது. கணவாயைத் தாண்டி இறங்கினார். அந்தப்பக்கக் கடற்கரையில் ஒரு தேநீர் குடித்துவிட்டு, மழையில் தொடை விறைக்க விறைக்கத் திரும்பினார். வழியில் இன்னொரு முறையும் நிறுத்திச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அப்போது சீட்டிகூட அடித்தார்.

அவர் சமையலறைக்குள் நுழைந்தபோது ஈரக் கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டியது. இஷ்பெல் தரையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"மன்னிச்சுக்குங்க, நாளைக்கு வராதீங்க. வண்டி விக்கலை," என்றாள். "சேச்சே, விலையெல்லாம் பிரச்சினை இல்ல. என் வீட்டுக்காரர் ஓட்டுறார்."